பெருமைக்குப் பங்குதாரர்கள்

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வை மலேசியக் கல்வியமைச்சு 2021இல் ஒழித்தபோது மாணவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அடிபட்டது ஆசிரியர்களின் பெருமைதான். 2016 முதல் அத்தேர்வில் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு உச்சம் 8ஏவாக இருந்தது. ஜொகூரின் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளில் எதன் வேலியிலும் அந்த எட்டுக்கு ஒரு பதாகை தொங்கியிருக்கலாம். வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், டியூஷன் ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் என்று பங்கு பிரித்தால் ஆளுக்கு இரண்டு ஏ தேறும். முதலாம் ஆண்டில் பென்சில் பிடிக்கப் பழக்கியவருக்குத்தான் மிச்சம் இராது.

பதாகை இல்லையென்றால் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிடுவார்களே என்பார்கள். நியாயமான கவலைதான், மாணவர் எண்ணிக்கை சுருங்கிய தோட்டப்புறப் பள்ளிகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால், வெற்றியில் பங்கு கேட்பவர் தோல்வியிலும் கேட்க வேண்டாமா? தேறாத பையன் மட்டும் எப்போதும் ‘வீட்டில் கவனிக்காத பிள்ளை’. மகனைச் சான்றோன் எனக் கேட்கும் பூரிப்பை வள்ளுவர் தாய்க்குத்தான் எழுதிவைத்தார். சங்கத் தலைவரைச் சேர்க்கவில்லை. இனி பெருமையில் பங்கு கேட்க, மாணவன் பாலம் கடந்து சிங்கப்பூரில் பெரிய ஆளாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் ஆசிரியர் 60 வயதில் ஓய்வுபெற்றிருப்பார்; பதாகையில் புதிய தலைமையாசிரியரின் படம் இருக்கும்.