பழங்கார்ப் பழுதியல்: நூற்பாவும் உரையும்

பாயிரம்

பல்லி விழும் பலனுக்கு நூல் உண்டு. மனையடிக்கு உண்டு. மச்சத்துக்கும் கனவுக்கும் உண்டு. 15 வயது தாண்டிய சின்னக் காருக்கு மட்டும் தமிழில் இலக்கணம் இல்லை. வண்டியோடு வந்த கையேடு இருக்கிறதே எனின், அது வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நூல். எப்படி இருக்கிறது என்று சொல்லாது. அக்குறை நீக்கவே இந்நூல் செய்யப்பட்டது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. முதல் வண்டியின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் புதிய 800 விற்பது நின்றது. 2014 தொடக்கத்தில் உற்பத்தியே நின்றது. தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு; அதன் பிறகு ஆர்.சி.யைப் புதுப்பித்தால் ஐந்தைந்து ஆண்டாக ஆயுள் நீளும். ஆகவே சென்னையில் புதிதாய் வாங்கிச் சென்னையில் ஓடும் 800 எதுவாயினும் அது இன்று இரண்டாம் பிறவியிலோ அதற்கும் மேற்பட்ட பிறவியிலோ ஓடுகிறது என்க. அம்பாசிடரை விட்டது என்னை எனின், அதன் பழுதுகள் தெருமுனையிலேயே தெரியும். அங்கே ஆய்வாளருக்கு வேலையில்லை.

இந்நூலின் துணிபு ஒன்றே. பழங்காரில் ஓர் உறுப்பு கெட்டால் அதன் வேலை நின்றுவிடுவதில்லை. வண்டிக்கு உடையவர் அதை ஏற்றுக்கொள்கிறார். உறுப்புகள் ஒவ்வொன்றாய்க் கெடக் கெட, உடையவரே வண்டியின் மிகப் பெரிய உதிரி பாகமாகி விடுகிறார். இதனை ஐந்து நூற்பாக்களால் நிறுவுவோம்.

1. பழுதின் வகை

*இல்லது தோன்றலும் உள்ளது திரிதலும்*
*உள்ளது கெடுதலும் என்றிம் மூன்றே*
*பழங்கார்ப் பழுதெனப் பகர்தல் முறையே.*

புணர்ச்சி விகாரம் மூன்று என்று பள்ளியில் படித்தோர்க்கு இது எளிது. எல்லாம் ஒழுங்காய் ஓடும் வண்டி இயல்பு புணர்ச்சி. அது ஷோரூமில் மட்டும் காணப்படும்.

தோன்றல் என்பது முன்பு இல்லாத ஓசை, நாற்றம், புகை ஆகியவை வருவது. இவற்றுள் புகை நிறத்தால் மூவகைப்படும். கருப்பு எனின் பெட்ரோல் மிகுதி, காற்றுக் குறைவு. கார்புரேட்டரையோ ஏர் ஃபில்டரையோ பார்க்க. நீலம் எனின் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்தது. வெண்புகை குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. மறையாமல் நின்றால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கட் போயிற்று என்க. நான்காவதாக, பின்னால் வரும் பைக்காரர் கக்கும் சொற்களையும் தோன்றலில் அடக்குவர் ஒரு சாரார்.

திரிதல் என்பது ஓர் உறுப்பு வேலை செய்துகொண்டே பொய் சொல்வது. பெட்ரோல் முள் இதற்குத் தலையாய சான்று. டேங்கினுள் மிதக்கும் மிதவையின் கை, ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகர்கிறது. பட்டை தேய்ந்த இடத்தில் முள் துள்ளும் அல்லது உறங்கும். பாலம் ஏறினால் அரை டேங்க், இறங்கினால் காலி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ளும் உடையோரும் உளர்.

கெடுதல் வெளிப்படை. கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடி பாதியில் நிற்கும். ஏசி காற்று மட்டும் தரும்.

2. ஓசை

*பட்டறை வாயில் கண்டுழி ஓசை*
*கட்டொடு கரந்து காணா தொழியும்.*

இந்நூற்பாவை மறுத்தவர் எவரும் இலர். ஒரு வாரமாய்த் தெருவையே எழுப்பிய சத்தம், மெக்கானிக் காது கொடுக்கும் கணத்தில் மறைந்துவிடும்.

"எங்க சார் சத்தம்? ஒண்ணுமே வரலியே."

"காலைல வந்துச்சுண்ணே. தெருவே பார்த்துச்சு."

"சரி, வந்தா கொண்டாங்க."

வண்டிக்குக் கூச்சம் என்பர் பழைய உரைகாரர். அது பொருந்தாது, காரணங்கள் வேறு. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்தோ பளபளத்தோ போனால், காலை ஈரத்தில் வழுக்கி 'கீச்' என்று கத்தும். பட்டறை வரை ஓடுவதற்குள் பெல்ட் காய்ந்து சூடேறிப் பிடித்துக்கொள்ளும், கத்தாது. முன் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட், மேலுள்ள ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வழிந்தபின் தேயும். அது 'கடகட' என்பது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதே. மெக்கானிக்கோ பட்டறை முன் நேர்த்தெருவில் போய் நேரே வருவார். சத்தம் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்படவில்லை என்று அறிக.

இவ்வாறு பலமுறை திரும்பி வந்த உடையவர், சத்தத்தைத் தாமே வாயால் செய்து காட்டும் நிலையை எய்துவார். முதல் உறுப்பு மாற்றம் இங்கே நிகழ்கிறது: வண்டியின் ஓசைப்பகுதி அவர் தொண்டைக்குக் குடிபெயர்ந்தது.

3. மின்

*மண்வழி அடைபடின் மின்னோட் டந்தான்*
*தன்விளக் கொழிந்து பிறவிளக் கேகும்.*

மண்வழி என்றது பட்டறையார் 'எர்த்' என்பதை. காரில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் இரும்பு உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. விளக்குக்குப் போகும் ஒயர் ஒன்று. திரும்பும் வழி உடலே. அந்த இணைப்பில் துரு ஏறினால் மின்சாரம் திரும்பத் தடுமாறி, பக்கத்து பல்பின் இழை வழியே புகுந்து போகும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாய் எரியும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு துடிக்கும். பின்னால் வருபவர் இவர் இடப்பக்கம் போகிறாரா, நிற்கிறாரா, திருமண ஊர்வலத்தில் இருக்கிறாரா என்று மயங்குவார். பரிகாரம்: புது பல்பு வாங்காமல், எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்குக. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவர் பல்பு விற்பவர்.

இண்டிகேட்டர் இயல்புக்கு மீறி அவசரமாய்த் துடித்தால், முன்னோ பின்னோ ஒரு பல்பு இழையறுந்தது என்பது குறிப்பு.

இனி ஸ்டார்ட்டர் இலக்கணம். சாவியைத் திருப்பினால் 'டக்டக்டக்' என்று பலமுறை அடித்தால் பேட்டரி வலுவில்லை, அல்லது முனையில் வெள்ளையும் பச்சையுமாய் உப்பு பூத்திருக்கிறது. ஒரேயொரு 'டக்' கேட்டு மௌனம் எனின் சாலினாய்டு இழுத்தது, மோட்டார் சுழலவில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பல்லிக்குத் திசை போல் இதற்கு எண்ணிக்கை முக்கியம். நன்கு சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் குற்றம் பேட்டரியில் இல்லை, ஆல்டர்னேட்டர் பக்கம். புது பேட்டரி வாங்கிப் போட்டு, அதையும் இறக்கிவிட்ட பின் இதை உணர்வதே உலக வழக்கு.

பிரஷ் தேய்ந்த ஸ்டார்ட்டரை ஸ்பேனரால் லேசாய்த் தட்டினால் ஒருமுறை எழும். தட்டவேண்டிய இடம் எது என்பது கையேட்டில் இல்லை. உடையவர் கையில் உண்டு.

4. உடையோன்

*கெட்ட உறுப்பின் தொழிலினை ஏற்று*
*விட்ட இடத்தில் உடையோன் நிற்பின்*
*வண்டி ஓடும் வழுவும் இலவே.*

இது நூலின் தலைமை நூற்பா.

ரேடியேட்டர் விசிறியை எடுத்துக்கொள்க. நீரின் சூட்டை உணரும் ஒரு சிறு சுவிட்ச் அதை வேண்டும்போது ஓட்டும், வேண்டாதபோது நிறுத்தும். அது கெட்டால் மெக்கானிக் டேஷ்போர்டின் அடியில் ஒரு சுவிட்சைத் திருகி, "டைரக்ட் கொடுத்துட்டேன் சார்" என்பார். இனி சூட்டை உணர வேண்டியவர் உடையவர். அவர் கண் டெம்பரேச்சர் முள்ளில், கை சுவிட்சில், மனம் முன்னால் போகும் பஸ்ஸில். முள் மேலும் ஏறினால் ஹீட்டரைப் போடுவார். ஹீட்டரின் உள்ளே இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டரே. அது எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக் காருக்குள் ஊதும். மே மாதத்துக் கத்தரி வெயிலில், அண்ணா சாலை சிக்னலில், ஹீட்டர் போட்டு அமர்ந்திருப்பவரைக் கண்டால் நகைக்கற்க. அவர் தெர்மோ சுவிட்சாகப் பணியாற்றுகிறார். (ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கலாகாது. மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளே நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் ஒரே கணத்தில் கொதித்து முகத்துக்கு வரும்.)

ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்தது: டிக்கியில் கல் ஒன்று நிரந்தரமாய்க் குடியேறும். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தது: எஞ்சின் முனகலைக் கொண்டு வேகம் அறிவார். கார்புரேட்டர் மாடலில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயில் அடைத்தது: ஃப்யூயல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார். இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது: இறங்கிச் சுற்றி வந்து மனைவிக்குக் கதவு திறந்துவிடுவார். எதிர்வீட்டார் இதை அன்பு என்று கொண்டு தம் வீட்டில் பேச்சு வாங்குவது நூலுக்குப் புறம்பு.

இதற்கு மறுதலைச் சான்று, வண்டி பிறர் கைக்குப் போகும்போது கிடைக்கும். மனைவியின் தம்பி வண்டி கேட்கிறார் எனக் கொள்க.

"தாராளமா எடுத்துட்டுப் போ மாப்பிள்ளை. சாவி போட்டதும் திருப்பாத, ஒரு மூச்சு விட்டுத் திருப்பு. சோக் முக்கால் இழு, முழுசா இழுத்தா வெள்ளம் ஆயிடும். ரிவர்ஸ் விழலன்னா ஃபர்ஸ்ட் போட்டுட்டு போடு. சிக்னல்ல நின்னா கீழ சுவிட்ச் இருக்கு, ஃபேன். ஹாரன் அடிக்கணும்னா ஸ்டியரிங் நேரா இருக்கணும்."

"அத்தான், நான் ஆட்டோலயே போய்க்கிறேன்."

கேட்டவரிடம் வண்டி முழுமையாகத் தரப்படவில்லை என்பதே இதன் பொருள். முக்கிய உறுப்பு வீட்டில் ஈஸிசேரில் இருக்கிறது.

விற்பனையிலும் இக்குறையே. வாங்க வருபவர் முன் வண்டி ஒரே திருப்பில் எழுகிறது. அவர் வருமுன் அரைமணி நேரம் ஓட்டிச் சூடேற்றியவர் உடையவர். மறுநாள் காலை வாங்கியவர் வாசலில் அது எழாது. ஏமாற்றா எனின், அன்று. விற்ற பொருளில் ஓர் உறுப்பு குறைந்தது, அவ்வளவே. புதுப்பேட்டைப் பழைய உதிரி பாகக் கடைகளில் 800-க்குக் கதவு கிடைக்கும், பம்பர் கிடைக்கும், ஓடிய எஞ்சினும் கிடைக்கும். ஓடிய உடையோர் கிடைப்பதில்லை.

எனவே இந்நூல் பரிந்துரைப்பது: எஃப்.சி. காட்டும் நாளில் வண்டியோடு உடையவரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். காது கேட்கிறதா, முள் தெரிகிறதா, கல் தூக்க முதுகு வளைகிறதா என்று சோதித்து, தகுதி குன்றியிருந்தால் இருவருக்கும் சேர்த்தே மறுக்க வேண்டும்.

5. புறனடை

*பிரேக்கின் தொழிலை உடையோன் ஏற்றல்*
*யாங்கணும் இலதென மொழிந்தனர் நூலோர்.*

தலைமை நூற்பாவுக்கு விலக்கு இது. விசிறிக்கு மாற்றாகலாம், முள்ளுக்கு மாற்றாகலாம், சிலவற்றுக்கு ஆகலாகாது. டைமிங் பெல்ட் ஒன்று: பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அறுந்து எஞ்சினை நடுவழியில் நிறுத்துவது. உடையவர் காதுக்கு அது எதுவும் சொல்லாது. கிலோமீட்டர் கணக்கில் மாற்றுவதே வழி. வழுக்கை டயர் ஒன்று.

எல்லாவற்றினும் பெரிது பிரேக். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. அந்த நீர் சூட்டில் ஆவியானாலும், குழாயில் காற்று புகுந்தாலும், மிதி மெத்தென்று அமிழும். இரண்டு மூன்று முறை மிதித்துப் பிடிக்க வைக்கும் கலையை உடையோர் விரைவில் கற்பர். கற்றதைப் பெருமையாகவும் சொல்வர். அது திறமையன்று, பட்டறைக்குப் போகாமையின் மறுபெயர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுக. அமிழ்ந்தால் அன்றே வண்டியை ஓரம் கட்டுக.

மூன்று முறை மிதித்தால் பிடிக்கும், அதுவே போதும் என்று கொண்ட மரபு ஒன்று உண்டே எனின், இருந்தது. அம்மரபினர் எவரும் உரை எழுதிவிட்டுப் போகவில்லை.