வி.கே.புரத்தில் இருந்தபடியே ருஷ்ய வினைச்சொல் கற்பது எப்படி?

1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குக் கையெழுத்துப் போட்டதிலிருந்து நம் நெல்லை ஜில்லாவுக்கு ருஷ்யக்காரர்கள் அந்நியரில்லை. டாக்டருக்குப் படிக்க நம் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். ஆகவே நீங்களும் ருஷ்யம் கற்கலாம். ஆங்கில - ருஷ்ய ஒத்தசொல் பட்டியலை மட்டும் கையில் எடுக்காதீர்கள். இடப்பக்கம் 'சே, டெல், ஸ்பீக், டாக்' என்று நாலு நிற்கும். வலப்பக்கம் 'கவரீத்', 'ஸ்கஸாத்' என்று இரண்டு. எதற்கு எது என்று கோடு போட்டே பென்சில் தீர்ந்துவிடும்.

நெல்லைக்காரர் தொ.மு.சி. ரகுநாதன் கார்க்கியின் 'தாய்' நாவலை ஆங்கிலம் வழியாகத்தான் கொண்டுவந்தார். அவருக்கு முடிந்தது என்பதற்காக நீங்களும் கிளம்ப வேண்டாம்.

ஆங்கிலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள். 'சொல்லிக்கிட்டிருந்தேன்' என்றால் கவரீத். 'சொல்லிட்டேன்' என்றால் ஸ்கஸாத். புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தால் சித்தாத். வாசித்து முடித்துவிட்டால் ப்ரசித்தாத். நம் '-ட்டேன்' பாதி ருஷ்ய இலக்கணத்தைச் சுமந்துவிடும். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பல்ல.

இனிதான் சிக்கல். 'போறேன்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. பாபநாசத்துக்கு நடந்தால் இத்தீ. அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினால் யேஹத். தினமும் நடந்து போய் வந்தால் ஹதீத். மில் ஷிப்டுக்கு தினமும் சைக்கிளில் போய் வருகிறவர் யேஸ்தித். "எங்கல போற?" என்று அத்தை வாசலில் நின்று கேட்டால், காலாலா வண்டியாலா, ஒரு வழியா போய்வரவா என்று முடிவு பண்ணிய பிறகே வாயைத் திறக்க வேண்டும். அதற்குள் அத்தை உள்ளே போயிருப்பாள். அவள் போனது இத்தீ.

யேஹத் பிடிபட்டதும் பெருமைப்படாதீர்கள். பஸ்ஸுக்குள் இருக்கும் நீங்கள்தான் யேஹத். பஸ்ஸுக்கு இத்தீதான், அதாவது ருஷ்யத்தில் பஸ் நடந்தே வரும். ரயிலும் நடக்கும். பொதிகை மலையில் பிடித்த மழையும் 'இதியோத்', நடந்துகொண்டிருக்கிறது. ஏன் என்று வாத்தியாரைக் கேட்டால் அப்படித்தான் என்பார். இதில் குழப்பமே இல்லாதவர், அம்பாசமுத்திரத்தில் கடைசி பஸ்ஸை விட்டவர் ஒருவர்தான். மழைக்கும் அவருக்கும் ஒரே வினை.