பொருந்தாவிட்டாலும் குற்றவாளிதான்

2025 ஏப்ரலில் மைசூரு செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒரு புதுமை நடந்தது. ஒரு கொலை வழக்கில், கொலையுண்டவரே ஆஜரானார்.

அவரைக் கொன்றதாகச் சொல்லி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சிறையில் போடப்பட்டவர் அவருடைய கணவர். குடகைச் சேர்ந்த பழங்குடிக் கூலித் தொழிலாளி. ‘செத்துப்போன’ மனைவியோ மடிக்கேரியில் ஓர் ஓட்டலில், கணவரின் நண்பர் கண்ணில் பட்டார். நம் புலனாய்வுத் துறையின் மகத்தான சாதனை இப்படி ஒரு சாப்பாட்டு மேசையருகே கலைந்தது.

வழக்கைக் கட்டிய பெட்டதபுரா போலீசார் சும்மா இருந்தார்கள் என்று யாரும் பழி சொல்ல முடியாது. மனைவியைக் காணோம் என்று புகார் வந்திருந்தது. எங்கோ ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். டி.என்.ஏ. முடிவு வருமுன்பே குற்றப்பத்திரிகை தயார். பிறகு முடிவும் வந்தது: பொருந்தவில்லை. அதனாலென்ன? வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது.

டி.என்.ஏ.வுக்கே இந்த மரியாதை என்றால், கையெழுத்து நிபுணரின் பூதக்கண்ணாடிக்கு என்ன மரியாதை? கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். அதை எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாமே! 1872 சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அவரை உள்ளே விட்டது. 2024 ஜூலை முதல் அமலான புதிய சட்டமும் 39ஆம் பிரிவில் விடுகிறது. காலனியச் சட்டத்தைத் தூக்கி எறிந்தாயிற்று என்று மேடை போட்டு முழங்கினார்களே, கையெழுத்து நிபுணர் விஷயத்தில் எறிந்தது பிரிவு எண்ணை மட்டும்தான். ‘இதுவரை எத்தனை முறை தவறினீர்கள்?’ என்று நிபுணரிடம் கேட்டே தீர வேண்டும் என அந்தப் பிரிவு அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

தீர்ப்புகளுக்கும் பஞ்சமில்லை. நிபுணர் கருத்தை மட்டும் நம்பித் தண்டிப்பது ஆபத்து என்றது 1977இல் உச்ச நீதிமன்றம். 1980இல் முராரிலால் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, கைரேகையைப் போலக் கையெழுத்து ஒப்பீடு துல்லியமான கலையல்ல என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் வேறு ஆதாரம் இல்லை என்பதற்காகவே தள்ளிவிட வேண்டும் என்று விதியில்லை என்றும் சொன்னார். எச்சரிக்கையாக இருங்கள் என்பதுதான் இரண்டின் சாரம். ஆனால் அரசு வக்கீல் பையில் ஒன்று, எதிர்த்தரப்பு வக்கீல் பையில் மற்றொன்று. எச்சரிக்கை மட்டும் யார் பையிலும் இல்லை.

இந்தக் கலையின் குலதெய்வம் பாரிஸ் போலீசின் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன். 1894இல் டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரியின் கையெழுத்து, துரோகக் கடிதத்தோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. பெர்ட்டியோன் அசரவில்லை. மாட்டிக்கொள்ளாமலிருக்க டிரைஃபஸ் தன் கையெழுத்தைத் தானே போலியாக எழுதியிருக்கிறார் என்று விளக்கினார். ஒத்திருந்தால் குற்றவாளி, ஒத்திராவிட்டால் கைதேர்ந்த குற்றவாளி! டிரைஃபஸ் தீவுச் சிறைக்குப் போனார். களங்கம் நீங்க 1906 ஆயிற்று. பெட்டதபுராவில் அந்த விளக்கம்கூடத் தேவைப்படவில்லை. டி.என்.ஏ. அறிக்கையை யாரும் மதிக்காமலிருந்ததே போதுமானதாக இருந்தது.

எந்தச் சாட்சியம் ஏற்கத்தக்கது என்று சட்டக் கல்லூரிகளில் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். காவல் நிலையத்தில் பாடம் ஒரே வரிதான்: நமக்குச் சாதகமானது ஏற்கத்தக்கது. நிபுணர் ‘ஆம்’ என்றால் அது அறிவியல். ‘இல்லை’ என்றால் வெறும் காகிதம். பிடிபட்டவர் வக்கீல் வைக்க வழியில்லாத பழங்குடிக் கூலியாக இருந்துவிட்டால் அந்தக் காகிதத்தைப் புரட்டவும் ஆளிருக்காது.

மைசூரு நீதிமன்றம் அந்தக் கணவரை விடுவித்தது. ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவர் 5 கோடி கேட்டு உயர் நீதிமன்றப் படி ஏறினார். பேராசை என்று முகம் சுளிப்பவர்கள், மனைவியைக் கொன்றவன் என்ற பெயரோடு ஒரே ஒரு நாள் சொந்த ஊர்த் தெருவில் நடந்து பார்த்துவிட்டு விலை சொல்லட்டும்.

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. மனைவி உயிரோடு வந்துவிட்டார், எலும்புக்கூடு பொய்யில்லையே! யாரோ ஒருவர் செத்துக் கிடந்தார். அவர் யார், எப்படிச் செத்தார் என்று தேட வேண்டியவர்கள், அகப்பட்டவரை உள்ளே தள்ளிவிட்டுக் கோப்பைக் கட்டி வைத்தார்கள். ‘பொருந்தவில்லை’ என்ற அறிக்கை ஒருவர் நிரபராதி என்று மட்டும் சொல்லவில்லை. இன்னொரு சாவை விசாரியுங்கள் என்றும் சொன்னது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாத அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றிக் கேட்காதவரை, இந்த நாட்டில் எந்த நிபுணர் வந்து என்ன சொன்னாலும் ஒன்றுதான்.