உதைக்கும் கியர்பாக்ஸ்
கேள்வி: என்னுடைய 15 வருடப் பழைய ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போதெல்லாம் உதைக்கிறது. கியர்பாக்ஸையே மாற்றிவிடலாமா?

பதில்: வயிற்றுவலிக்கு வயிற்றையா மாற்றுவார்கள்? முதலில் ஆயிலைப் பாருங்கள். இந்த கியர்பாக்ஸில் ஆயில் வெறும் வழுவழுப்புக்காக இல்லை. அதன் அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளை இறுக்கி கியரையே மாற்றுகிறது. அளவு குறைந்தாலும் சூட்டில் கெட்டாலும் உதைக்கத்தான் செய்யும். சிவப்பு ஆயில் பழுப்பேறியிருந்தால், கையேட்டில் சொன்ன அதே ரகத்தை ஊற்றுங்கள். 'பழைய வண்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும்' என்று பயமுறுத்துவார்கள். தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துபோன பெட்டியை எந்த ஆயிலும் காப்பாற்றாது. பழி மட்டும் புது ஆயிலுக்கு. கருகிய வாடையும் உலோகத் துகளும் இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். இல்லையென்றால், இன்ஜின் மவுன்ட் ரப்பரையும் பாருங்கள். அது கிழிந்தாலும் இதே உதைதான்.