மணி பழக்கிய குடும்பம்

எங்கள் தெருவுக்கு நாய் புதிதல்ல, வீட்டுக்குத்தான் புதிது. நண்பர் ஒருவர் அட்டைப்பெட்டியில் 45 நாள் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "அசல் சிப்பிப்பாறை, வேட்டை ரத்தம்" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார். மதுரைப் பக்கம் சிப்பிப்பாறை என்றால் தனி கெத்து. 2005இல் அஞ்சல் துறை நாய்த் தபால்தலைகள் வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. அந்த அநியாயத்தை வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் விளக்கிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் குட்டியின் வாலைப் பார்த்தார். அது ஜிலேபிபோல் சுருண்டிருந்தது.

"நல்ல தெரு நாய் சார். ஊசி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றார்.

பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளைச் சில வார இடைவெளியில் நாலு மாத வயது வரை தவணையாகப் போட வேண்டும், மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, நடுவில் பூச்சி மருந்து என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். என் மகனின் தடுப்பூசி அட்டையைக்கூட நான் இத்தனை பத்திரமாக வைத்ததில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

குட்டிக்கு மணி என்று பெயர் வைத்தோம். மூத்திரம் போக மூலையில் பழைய நாளிதழை விரித்தோம். நாலே நாளில் கற்றுக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை, அப்பா கூடத்தில் சப்பணமிட்டு அன்றைய நாளிதழைத் தரையில் விரித்துத் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தபோது, மணி நிதானமாக நடந்துவந்து அதன் மேல் உட்கார்ந்து கடமையை முடித்தது. தலையங்கம் பற்றி அப்பாவுக்கும் ஏறக்குறைய அதே கருத்துதான் என்றாலும், வீடு அன்று இரண்டுபட்டது.

மருத்துவர் வழி சொன்னார். குட்டி தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெளியே போனால் அந்த நொடியே கொஞ்ச வேண்டும். உள்ளே போய்விட்டால், வாசம் போகக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும், பத்து நிமிடம் கழித்துத் திட்டுவதும் வீண். எதற்குத் திட்டு என்று அதற்குப் புரியாது, அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். நாங்கள் திட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கப் போனோம். சோபாவை நகர்த்தியபோது தெரிந்தது.

அடுத்த சிக்கல் மொழி. வாழ்நாளில் ஒரு விண்ணப்பம்கூட ஆங்கிலத்தில் எழுதாத அப்பா, நாயைக் கண்டால் மட்டும் "கம் ஹியர், சிட் டவுன்" ஆகிவிடுவார். மகன் "சிட்". மனைவி "உக்காரு". நான் இரண்டும் கலந்து. மணி எங்கள் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடும். ஒரு செயலுக்கு ஒரே சொல், அதையும் ஒரே தடவை சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர். மூன்று நாள் குடும்ப மாநாடு நடத்தி 'உக்காரு' தேர்வானது. கடலையளவு கோழித்துண்டை மூக்குக்கு மேலே காட்டி மெல்லப் பின்னால் நகர்த்தினால், தலை மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரைக்கு வரும்; அப்போது அந்தச் சொல்லைச் சொல்லித் துண்டைக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு வாரத்தில் மணி உட்கார்ந்தது. மகனை நாங்கள் இதே சொல்லைச் சொல்லிப் படிப்பு மேஜையில் உட்காரவைக்கப் பத்து வருடமாகப் போராடுகிறோம்.

விளையாட்டில் ஒருநாள் குட்டியின் பல் மகனின் விரலில் பட்டு ரத்தம் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா சுண்ணாம்பைத் தேடி ஓடினார். அவரைத் தடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டுக் குட்டிதானே என்று விடக் கூடாது; சிறு கீறலுக்கும் இதேதான்.

இனி அம்மா. ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் மணி அடித்துவிட்டு நாய்க்குச் சோறு போட்டார் என்று பள்ளியில் படித்தோம். எங்கள் வீட்டில் மணி குரைத்தது, அம்மா மேரி பிஸ்கட் போட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு அது ஒருதரம் குரைத்தால், அம்மாவின் கை தானாக டப்பாவுக்குப் போகும். பழக்கியது யார், பழகியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குரைக்கும்போது கொடுக்கவே கூடாது; பத்து தடவையில் ஒரு தடவை இளகினாலும், அந்த ஒரு தடவையை நம்பியே பத்து தடவையும் குரைக்கும். எல்லாம் சொல்லியாயிற்று.

"பச்சப் புள்ளை, பசிக்காதா?" என்றாள்.

பிஸ்கட்டாவது பரவாயில்லை. சாம்பார் சோறு போட்டதைப் பார்த்துத்தான் பதறினேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் சரி. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட் விஷம். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். பட்டியலைக் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டினேன். அம்மா படித்துவிட்டு, "அப்போ மேரி பிஸ்கட் இதுல இல்ல" என்றாள்.

போன வாரம் எடை பார்த்தார்கள். மூன்று கிலோ குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். அம்மா தன் பையை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். உள்ளே ஏதோ சரசரத்தது. மணி யாரும் சொல்லாமலே உட்கார்ந்தது.