ஐம்பது ரூபாய் மிச்சம்

பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில் பனியன் முதலாளிகளிடம் இப்போது ஒரே பேச்சு, மின்சாரக் கார். "பெட்ரோல் நூறைத் தாண்டிப்போச்சு, கட்டுபடியாகலீங்க!"

சரிங்க, கணக்குப் போடுவோம். அவிநாசி சாலையில் திருப்பூருக்குப் போக வர 10 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்குச் செலவு சுமார் 67 ரூபாய். மின்சாரக் காருக்கு 15 ரூபாய் போதும். நாளுக்கு 50 ரூபாய் மிச்சம், மாதம் 25 நாளுக்கு 1,250. காருக்குக் கூடுதலாக 4 லட்சம் கொடுத்திருந்தால், போட்ட காசை எடுக்க 26 வருஷத்துக்கு மேல் ஆகும். பேட்டரிக்கு உத்தரவாதமோ பெரும்பாலும் 8 வருஷம்தான். நூல் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினாலே தூக்கம் கெடும் கணக்குப்புலிகள் இதை மட்டும் எப்படி விட்டார்களோ!

அதே சாலையில் ஓவர்லாக் தைக்கும் அக்கா, 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசில்லாமல் போய் வருகிறார். கடன் இல்லை, தவணை இல்லை, சார்ஜர் தேடும் வேலையும் இல்லை. எரிபொருள் சிக்கனத்தில் முதல் பரிசு அவருக்குத்தான். முதலாளி மிச்சம் பிடித்த அந்த ஐம்பதைக் கூலி உயர்வுப் பேச்சில் காட்டினால், ஆறுதல் பரிசு அவருக்கும் உண்டு.