வெளிமானுக்கு நிழல் தர வந்த தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. வேன்ல ஐந்நூறு கன்னு ஏத்திக்கிட்டு வந்திருக்கியாமே, டீக்கடையில சொன்னாங்க. கோடியக்கரையில மொட்டையாக் கிடக்குற புல்வெளியப் பாத்து மனசு பொறுக்காம, வேம்பும் புங்கனுமா நட்டுத் தள்ளப் போறியாம். கேக்கவே புல்லரிக்குது. அரிக்கறதுக்காவது கொஞ்சம் புல்லை விட்டு வெய்யி தம்பி, அதான் என் கவலை.

அங்க நிக்கிற மானுக்கு நீ ‘பிளாக்பக்’குங்கிற. எங்க ஊர்ல அது வெளிமான். பழைய புலவங்க புல்வாய்னு சொன்னாங்க. வெளியும் இருக்கு, புல்லும் இருக்கு. அந்தப் பேர்ல எங்கயாவது மரம் இருக்கா, கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு.

அதுக்குச் சொத்தே கண்ணும் காலும்தான். நரி தலையத் தூக்கினா தூரத்துலயே பாத்துடும். ஓடினா மணிக்கு எண்பது கிலோமீட்டர். நீ பொதர வளத்து வெச்சா நரி ஒளிஞ்சுக்க இடமாச்சு. முறுக்கின கொம்போட கெடா முள்ளுக்குள்ள ஓடுறது, பட்டு வேட்டி கட்டுன மாப்பிள்ளை கள்ளிவேலி தாண்டுற கதைதான். 1967-ல இங்க பதினேழு சதுர கிலோமீட்டர் சொச்சம் இடத்தைச் சரணாலயம்னு ஒதுக்கினதுல இந்த மானுக்குத்தான் முதல் பங்கு. மெட்ராஸ்காரன்தானே நீ? கிண்டியிலயும் அது கவர்னர் மாளிகை போலோ மைதானத்துப் புல்லத்தான் தேடி நிக்கும். நிழலுக்கு ஒதுங்கற சாதி இல்ல.

கெழவன் மரத்துக்கு விரோதின்னு நெனச்சுடாத. கோடியக்காட்டுல பாலை மரம் இருக்கு பாரு, வெயில் காலத்துல பழம் பழுக்கும், ஒண்ணு தின்னா உதடு ஒட்டிக்கும். அந்த அடர்காட்டுக்குள்ள எவனாவது அரிவாளோட போனா நானே மறிப்பேன். வீட்டுல பூசையறையும் இருக்கு, அடுப்பங்கரையும் இருக்கு. பூசையறையில கொழம்பு கொதிக்க வெச்சா அதை பக்தின்னு சொல்ல முடியுமா?

இப்ப வில்லன் கதைக்கு வர்றேன். புல்வெளிய முழுங்கற முள்ளு மரம், சீமைக் கருவேலம். அதைக் காமராசர்தான் கொண்டாந்து தூவினார்னு சங்கத்துக் கட்டடத்துல தெனம் பஞ்சாயத்து நடக்குது. ஜமைக்காவுலேருந்து வெதை வந்து, சென்னை ராஜதானியில கடப்பைப் பக்கம் மொளச்சது 1877-ல. காமராசர் பொறந்தது 1903-ல. செத்தவர் மேல பழி போட்டா அவர் வந்து மறுக்கவா போறார்?

அது பரவுற தினுசு இருக்கே, அதுக்கு எங்க விவசாய ஆபீசர்லாம் பிச்சை வாங்கணும். காய் இனிப்பு. மாடு தின்னும், ஆடு தின்னும், கோடியக்கரையில திரியற மட்டக் குதிரையும் தின்னும். போன வருஷம் ஐப்பசி மழைக்கப்பறம் எங்க மேய்க்கால்ல ஒரு காஞ்ச சாணியக் குச்சியால பொரட்டினேன். அடியில பதினோரு கன்னு. எரு தயார், ஈரம் தயார், வரப்பு கட்டாத நாத்தங்கால்! ஒண்ணைப் பிடுங்கினேன். மேல மூணு விரக்கட, கீழ வேர் ஒரு சாண் தாண்டி இறங்கியிருக்கு. அந்த வயசுல ரெண்டு விரல் போதும். அடுத்த வருஷம் மண்வெட்டி. நாலாம் வருஷம் ஜேசிபி. அதுக்கப்பறம் மந்திரிதான் வரணும்.

மான் மட்டும் என்ன, யோக்கியமா? குஜராத்துல வேளாவதர்னு ஒரு புல்வெளி. அங்க ஆராய்ச்சிக்காரங்க மான் புழுக்கைய எண்ணியிருக்காங்க. பொண்ணு பாக்குற காலத்துல ஆளுக்கொரு எடத்தப் பிடிச்சுக்கிட்டு கெடா அங்கயே நிக்கும், அங்கயே புழுக்கை போடும். தின்ன காயோட வெதையெல்லாம் அந்தக் கல்யாண மேடையிலயே விழுந்து மொளைக்குது. தன் பந்தல்ல தானே முள்ளு நடற மாப்பிள்ளை! சிரிக்காத, ஐந்நூறு கன்னோட வந்தவன் நீ.

வெட்டிடலாம்னு கெளம்பாத. தரைமட்டத்துல வெட்டினா அடுத்த மழைக்கு ஒண்ணு ஏழாத் தழையும். தூரோட, வேரோட எடுக்கணும். எடுத்த எடத்துக்கு வருஷா வருஷம் போயி மொளச்சதப் பிடுங்கணும். 2017-ல ஹைகோர்ட் மதுரைக் கிளை பிடுங்குங்கன்னு சொல்லுச்சு. அதே வருஷம் தடையும் வந்துச்சு. சீமைக் கருவேலம் ரெண்டு உத்தரவையும் படிக்கல.

மரத்தை எடுக்கச் சொல்றது என்னமோ பட்டிக்காட்டான் புத்தின்னு நெனைக்காத. அமெரிக்காவுல மிச்சிகன்ல கிர்ட்லேண்டு வார்ப்ளர்னு ஒரு பொடிக் குருவி. அதுக்கு ஜாக் பைன் மரம் இளசா இருக்கணும், அஞ்சுலேருந்து இருபது வயசுக்குள்ள. மரம் முத்திப் போச்சுன்னா கீழ்க்கிளை காஞ்சுடும், தரையில கூடு கட்ட மறைப்பில்லன்னு குருவி கெளம்பிடும். முன்னெல்லாம் காட்டுத் தீ வந்து இளசாக்கிக்கிட்டிருந்துச்சு. மனுஷன் தீயை அணைச்சு நல்லவனானான். 1974-ல எண்ணிப் பாத்தா பாடற ஆம்பளக் குருவி 167தான். அப்பறம் வனத்துறையே பாத்தி பாத்தியா முத்தின மரத்தை வெட்டி, புதுசா நட்டு, காட்டை இளசாவே வெச்சுக்கிட்டு வந்துச்சு. 2019-ல அழியற பட்டியல்லேருந்து பேரை எடுத்தாச்சு. அங்கயும் உன்ன மாதிரி தம்பிங்க கோவப்பட்டிருப்பாங்க, கோடாலியோட நிக்கிறவனப் பாத்தா கோவம் வரத்தானே செய்யும்?

இப்படி எடுத்து எடுத்துக் காப்பாத்தறது எங்களுக்குப் புதுசில்ல. காவிரி எங்க கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதி சம்பாக் கவலை முடிஞ்சிருக்கும். நட்ட வயல்ல முதக் களை, ரெண்டாங் களைன்னு எறங்காம திண்ணையில உக்காந்தா என்ன வெளையும்? கோரை வெளையும். அதுவும் பச்சையாத்தான் இருக்கும், போட்டோவுல அழகாவும் விழும். மரக்கா நெல்லு மட்டும் வராது. தஞ்சாவூர்லேருந்து வேதாரணியம் வரைக்கும் நீ பச்சைன்னு போட்டோ எடுத்துக்கிட்டு வந்தியே, அத்தனையும் ஆயிரம் வருஷமா ஒருத்தன் குனிஞ்சு குனிஞ்சு களை எடுத்துத் தெறந்து வெச்ச வெளி. புல்வெளியும் அப்படித்தான். மாடு மேயணும், ஆள் பிடுங்கணும். சும்மா விட்டா காடு ஆகாது, முள்ளுதான் ஆகும்.

அந்த ஐந்நூறு கன்னை எறக்கி வெய்யி. கஜா புயல்ல போன தென்னை எடம் இன்னும் காலியாக் கெடக்கு எங்க தெருவுல; பள்ளிக்கூட வாசல்லயும் குளத்தங்கரையிலயும் நட்டு நானே தண்ணி ஊத்தறேன். நீ மார்கழியில வா, மண்ணு எளகியிருக்கும். ரேஞ்சர் ஆபீஸ்ல சொல்லி அனுமதி வாங்கிக்க. வர்றப்ப கன்னு வேண்டாம், ஒரு மண்வெட்டியும் தோல் கையுறையும் எடுத்துட்டு வா. செல்ஃபிக்கு மரம் இல்லியேன்னு கவலைப்படாத, பக்கத்துல நான் நிக்கிறேன்.